ஆபீஸுக்கு ஏற்ற கத்தி

போன வாரம், வெளியூரில் வேலை பார்க்கும் என் மகள் தொலைபேசியில் கேட்டாள். "அப்பா, ஆபீஸ் பையில போட்டு வெச்சிக்க சின்னதா ஒரு மடக்குக் கத்தி வேணும். பார்சல் பிரிக்க, பழம் நறுக்க. வெல கம்மியா இருக்கணும். பாக்கறவங்க பயப்படவும் கூடாது. எது வாங்கலாம்?"

கூடவே படங்களும் அனுப்பினாள். இருபத்தேழு படங்கள். நான் எதையும் எண்ணாமல் விடுகிறவன் இல்லை. மாத்திரைப் பட்டையில் மிச்சம் எத்தனை என்று பார்த்துவிட்டுத்தான் தண்ணீர்ச் செம்பை எடுப்பேன். வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பேன். அந்தப் படங்களையும் எண்ணினேனே தவிர, ஒன்றைக்கூட அவளுக்குத் தேர்ந்து சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு கத்தியைப் பார்க்கும்போதும், இதை எந்த வாசலில் யார் கேட்பார்கள், இவள் என்ன பதில் சொல்வாள் என்றே மனம் ஓடியது.

இதை அவளிடம் சொன்னால் சிரிப்பாள். நம் வயதுக்காரர்களிடம் சொல்லலாம். இட ஒதுக்கீடு கேட்டுச் சாலைகளில் மரங்கள் விழுந்து கிடந்த அந்த ஆண்டுகள் உங்களுக்கும் நினைவிருக்கும். கள்ளக்குறிச்சியைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் குறுக்கே ஒரு புளியமரம் கிடக்கும். யார் கேட்கிறார்கள், யார் மறுக்கிறார்கள் என்பதெல்லாம் நமக்கு அப்போது புரியவில்லை. பள்ளிக்கூடம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் நம் கவலை.

எங்கள் வீட்டில் இன்னொரு கவலையும் இருந்தது. அப்பாவின் வேலை.

அவர் கள்ளக்குறிச்சியில் ஓர் அலுவலகத்தில் தற்காலிக எழுத்தராக இருந்தார். மலையில் விளைகிற சாமை, கடுக்காய், புளி, தேன் இவற்றின் கணக்கு வழக்குகளைப் பார்க்கிற அலுவலகம். தாள்கள் கட்டுக் கட்டாக வரும். சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கியிருப்பார்கள். கயிறு அறுக்க, அரக்கு சுரண்ட, பென்சில் சீவ, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொய்யா நறுக்க, எல்லாவற்றுக்கும் அப்பா வைத்திருந்தது தியாகதுருகம் சந்தையில் வாங்கிய ஒரு பெரிய மடக்குக் கத்தி. மாட்டுக்கொம்புப் பிடி. திறந்தால் 'டடக்' என்று பூட்டு விழும். பக்கத்து அறையில் இருப்பவர்கூடத் திரும்பிப் பார்ப்பார்.

புதிதாக வந்த அதிகாரியின் முன்னால் அதை ஒருநாள் திறந்துவிட்டார். அதிகாரி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாராம்.

"இன்னாய்யா இது, ஆபீஸா கறிக்கடையா?"

"கயிறு அறுக்கத்தான் சார்."

"கயிறு அறுக்க இவ்ளோ பெரிய கத்தியா? வெளிய இருக்கற நெலம தெரியும் இல்ல? ஆபீஸுக்கு ஏத்த மாதிரி ஒண்ணு வாங்கிக்க."

வீட்டில் வந்து இதைச் சொன்னபோது அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். கொம்புக் கத்தியை அன்றைக்கே சமையலறைக்கு எடுத்துக்கொண்டாள். அப்பா சிரிக்கவில்லை. அவருடைய வேலை நிரந்தரம் ஆகிற நேரம் அது. முதலில் அதிகாரி நல்லபடியாக எழுத வேண்டும். பிறகு காவல் நிலையத்திலிருந்து, இவர்மேல் வழக்கு எதுவும் இல்லை என்று அறிக்கை போக வேண்டும். ஊரிலோ தினமும் யாரையாவது வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சந்தேகத்தின் பேரில் பிடித்து உட்கார வைத்தாலே போதும், அந்த அறிக்கை கெட்டுவிடும், வேலை போய்விடும். அப்பா நகம் கடிக்கத் தொடங்கியது அப்போதுதான். பத்து விரல்களிலும் நகம் சதைக்குள் ஒளிந்துகொண்ட மாதிரி இருக்கும்.

புதுக் கத்தி வாங்க என்னையும் அழைத்துக்கொண்டு போனார். கடைவீதியில் இரும்புச் சாமான் கடை. கடைக்காரரை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். எண்ணெயும் துருவும் கலந்த வாசனை. தலைக்குமேல் தொங்குகிற கிணற்று வாளிகள். கண்ணாடிப் பெட்டியின்மேல் பச்சைத் துணியை விரித்துக் கத்திகளை வரிசையாக வைத்தார். பதினொன்று.

"இதப் பாருங்க சாரு. பட்டன அமுக்கினாப் போதும்." அமுக்கினார். அலகு வெளியே பாய்ந்தது. அப்பா என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"வேணாம் பாய். இத வெச்சிருந்தா நானே போய் ஸ்டேஷன்ல உக்காந்துக்குவேன்."

"இப்ப இதுதான் ஜாஸ்தி போவுது."

"அதனாலதான் வேணாங்கறேன்."

அப்பாவின் கணக்கு வேறு. அலகு அவருடைய நான்கு விரல் அகலத்துக்குள் அடங்க வேண்டும். ஒவ்வொரு கத்தியையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். நுனி குத்துகிற மாதிரி இருக்கக் கூடாது. பூட்டு விழுகிற சத்தம் கூடாது. கருப்புப் பிடி பார்க்கப் பயமாக இருக்கிறது. சிவப்பு வேண்டாம், மஞ்சள் வேண்டாம், நீலம் வேண்டவே வேண்டாம். அந்த நாளில் ஒவ்வொரு நிறத்துக்கும் யாரோ ஒருவர் சண்டைக்கு வருவார். பதினொன்றில் நான்குதான் மிஞ்சின. நான்கில் இரண்டை ஒரே கையால் திறக்கலாம். அவற்றையும் தள்ளிவைத்தார்.

"ரெண்டு கையும் வேணும் பாய். நான் தொறக்கறத்துக்குள்ள, எதிர்ல இருக்கறவரு 'இன்னா பண்றே'ன்னு கேக்க நேரம் இருக்கணும்."

பாய் துணியின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே சிரித்தார். "சாரு, நீங்க கத்தி வாங்க வந்தீங்களா, கத்தி இல்லாதது வாங்க வந்தீங்களா?"

கடைசியில் கிடைத்தது ஒரு சின்னப் பேனாக் கத்தி. மரப் பிடி, வெந்நீரில் ஊறிய வேப்பம்பட்டை நிறம். இரண்டு பித்தளைக் குமிழ்கள். அலகின் முதுகோரத்தில், வெட்டிப் போட்ட நகத்துண்டு மாதிரி ஒரு வளைந்த பள்ளம். அதில் நகத்தை வைத்து இழுத்தால் அலகு வெளியே வரும். விலையும் கட்டுப்படியானது. அப்பா இழுத்துப் பார்த்தார். வழுக்கியது. மறுபடியும் இழுத்தார்.

"நகம் எங்க சாரு?" என்றார் பாய்.

நான் வாங்கித் திறந்தேன். என் கட்டைவிரல் நகம் அந்தப் பள்ளத்துக்கென்றே அளவெடுத்தது மாதிரி உட்கார்ந்தது.

"பாத்தீங்களா, கத்தி வாங்க வரும்போதே தொறக்கற ஆளயும் கையோட கூட்டிக்கினு வந்திருக்கீங்க."

அன்றைக்கு நான் கடைவீதியில் நடந்த நடையை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவ்வளவு பெருமை.

கத்தி விஷயத்தில் அம்மாவுக்கு ஒரே சட்டம். உங்கள் வீடுகளிலும் இருந்திருக்கும். கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வரும். கீழே வைக்க வேண்டும். மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். எனவே எங்கள் வீட்டில் தினமும் ஒரு சடங்கு. அப்பா மூடிய கத்தியைத் தரையில் வைப்பார். நான் எடுத்துத் திறந்து தரையில் வைப்பேன். அவர் எடுத்துப் பென்சில் சீவுவார், கொய்யா நறுக்குவார். அலகில் கொய்யாச் சாறு காய்ந்து ஒரு மணம் வரும். நான் இல்லாவிட்டால் அப்பாவால் ஒரு பென்சில்கூடச் சீவ முடியாது என்று நம்பினேன். பள்ளிக்கூடம் போகும்போது, பாவம் அப்பா, என்று நினைத்துக்கொண்டே போவேன்.

காலாண்டு விடுமுறை வந்தது. மலைமேல் கரியாலூரில் இருந்த கிளைக்கு இரண்டு கட்டுத் தாள்களை அப்பா கொண்டுபோக வேண்டியிருந்தது. அம்மா அதுவரை மலை ஏறிப் பார்த்ததில்லை என்பதால் எங்களையும் அழைத்துக்கொண்டார். மலையில் எந்தப் பரபரப்பும் இல்லை. சாமைக் கதிர்கள் காற்றில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. அம்மா அருவியில் புடவை நனைய நனைய நின்று சிரித்தாள். கிளையில் இருந்தவர் அப்பாவிடம், "கீழ நெலம சரியில்ல சார். ஒரு வாரம் தங்கிட்டுப் போங்க. வூட்ல சாமச் சோறு, கோழிக் கொழம்பு. இன்னா அவசரம்?" என்று கெஞ்சினார். விடுப்பு சொல்லாமல் நின்றால் அதிகாரி தவறாக எழுதிவிடுவார் என்று பயந்து, அப்பா மறுநாளே எங்களைக் கிளப்பினார். பயந்த மனிதர்கள் பயத்தாலேயே எடுக்கிற தப்பான முடிவுகளில் அது ஒன்று. அந்தக் குணம் எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டதால் உறுதியாகச் சொல்கிறேன்.

பஸ்ஸில் ஓட்டுநர், நடத்துநரையும் சேர்த்து முப்பத்தெட்டுப் பேர். கால் கட்டிய கோழி ஒன்று. அந்தக் கோழி எங்களுக்கு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த மலைக்காரருடைய மனைவியின் மடியில் இருந்தது. காலடியில் ஒரு சாமைப் பை. மலைக்காரர் இடுப்பில், சாக்குத் துணி சுற்றிய கொடுவாள். ஆபீஸுக்குப் போகிறவர்கள் சட்டைப் பையில் பேனா செருகுவதுபோல, மலையில் எல்லா ஆண்களும் இடுப்பில் அதைச் செருகியிருப்பார்கள். அதை யாரும் ஆயுதமாகப் பார்ப்பதில்லை.

மலை இறங்கி, அணையைத் தாண்டி, கரும்புக் காடுகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தோம். ஒரு திருப்பத்தில் புளியமரம் ஒன்று சாலையை அடைத்துக் கிடந்தது. ஓட்டுநர் பஸ்ஸைப் பின்னாலேயே எடுத்தார். பின்பக்கம் 'ஓ'வென்று ஒரு கூச்சல். கிளைகள் முறிகிற சத்தம். நாங்கள் தாண்டி வந்த இடத்தில் இன்னொரு மரம் படுத்துவிட்டது.

நடத்துநர் இறங்கி முன்னாலும் பின்னாலும் பார்த்துவிட்டு ஏறினார். "முன்னாடியும் மரம், பின்னாடியும் மரம். டிக்கெட் காச மட்டும் திருப்பிக் கேக்காதீங்க."

இளைஞர்கள் வந்தார்கள். ஒன்பது பேர். கையில் கோடாலி வைத்திருந்தவன் படிக்கட்டில் நின்று பேசினான். "யாரும் எறங்கி நடக்காதீங்க அண்ணே. அடுத்த ஊர் வரைக்கும் மரமாத்தான் கெடக்குது. வழியில போலீஸு பாத்தா எங்காளுன்னு நெனச்சி அடிப்பாங்க. உங்கள ஒண்ணும் பண்ண மாட்டோம். பஸ்ஸத்தான் வுட மாட்டோம்."

"எப்பப்பா வுடுவீங்க?" என்றாள் அம்மா.

"எங்களுக்கே தெரியாதுக்கா."

அவன் கண் அப்பாவின் இஸ்திரிச் சட்டையில் நின்றது. "சார் எங்க வேல பாக்கறீங்க?"

"ஆபீஸ்ல."

"கவர்மெண்டா?"

"தற்காலிகம்தான் தம்பி," என்றார் அப்பா, மன்னிப்புக் கேட்கிற குரலில்.

அவன் சிரித்துவிட்டான். "அது கூடக் கெடைக்கலன்னுதான் சார் நாங்க மரம் வெட்டிக்கினு கெடக்கறோம்."

பஸ் சூடேறியது. தகரக் கூரையிலிருந்து வெப்பம் இறங்கி மண்டையில் உட்கார்ந்தது. ஜன்னல்களை எண்ணினேன், இருக்கைகளை எண்ணினேன், மரத்தில் தெரிந்த பறவைக் கூடுகளை எண்ணினேன். எண்ணுவதற்கு வேறு எதுவும் மிச்சமில்லாமல் போன அந்தப் பயம் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. வெட்டுப்பட்ட மரத்திலிருந்து ஒரு புளிப்பு வாசனை வந்துகொண்டே இருந்தது. பிள்ளைகள் அதன் கொழுந்துகளை மென்று பசியாற்றப் பார்த்தோம். பசி இன்னும் கூடியது. மலைக்காரர் எங்களுக்குத் தன் இருக்கையைப் படுக்கக் கொடுத்துவிட்டு நடைபாதையில் சாய்ந்துகொண்டார். இரவு அப்படியே கழிந்தது. அப்பா தூங்கியதாகத் தெரியவில்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பதும் நகத்தைக் கடிப்பதுமாக இருந்தார்.

காலையில் பக்கத்து ஊர்ப் பெண்கள் தலையில் கூழ்ப்பானையோடு வந்தார்கள். கம்பங்கூழ். கடித்துக்கொள்ள வெங்காயம், ஆனால் கம்மி. பத்தொன்பதுதான் இருந்தது.

"கத்தி இருக்குதா யாராண்டயாவது? ஆளுக்குப் பாதியா அறுத்துடலாம்," என்றாள் பானைக்காரப் பெண்.

மலைக்காரர் இடுப்பிலிருந்து கொடுவாளை உருவினார்.

"இன்னாத்துக்கு அண்ணே இது? இத்தால வெட்டினா வெங்காயத்தோட பஸ்ஸும் ரெண்டாப் பூடும்."

எல்லோரும் சிரித்தார்கள். மலைக்காரரும் சிரித்துக்கொண்டே அதைத் துணிக்குள் சுற்றினார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். "இன்னாங்க, நம்மளுது இருக்குது இல்ல?" அப்பா தயங்கித் தயங்கிச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் படிக்கட்டில் வைத்தார். நான் குதித்து வந்து திறந்தேன். பத்தொன்பது வெங்காயம், முப்பத்தெட்டுப் பேர், ஆளுக்கு அரை. கணக்கு இவ்வளவு அழகாக அமைந்த வேறொரு நாள் என் வாழ்க்கையில் இல்லை. கத்தி படியிலிருந்து எடுக்கப்பட்டு, படியிலேயே வைக்கப்பட்டு, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு நேராகப் போகாமலே அத்தனை பேருக்கும் பயன்பட்டது. அப்பாவின் முகத்தில்கூட ஒரு சிரிப்பு தெரிந்தது. இவ்வளவு பேருக்கு நடுவில் திறந்தும் யாரும் பயப்படாத கத்தியைத் தேர்ந்தெடுத்த சிரிப்பு.

வெயில் ஏறியதும் போலீஸ் வந்தது. வெளியூர்ப் போலீஸ். இளைஞர்கள் கரும்புக் காட்டுக்குள் மறைந்துவிட்டார்கள். சாலையில் மிஞ்சியது நாங்களும் இரண்டு மரங்களும்தான்.

"எல்லாம் எறங்கு. வரிசையா நில்லு."

ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்துக்கொண்டு வந்த போலீஸ்காரர், மலைக்காரரின் இடுப்பில் கை வைத்ததும் நின்றார்.

"மரம் வெட்டினது இதானா?"

"இது காட்டுக்குப் போறதுங்க சாமி. அம்மாம் பெரிய புளிய மரத்த இத்தால வெட்டினா ஒரு மாசம் ஆவும்."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. போலீஸ்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. மலைக்காரரின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய் வேனில் ஏற்றினார்கள். அவர் மனைவி கோழியை அணைத்துக்கொண்டு வேனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

அடுத்தது அப்பா.

"பையில இன்னா?"

"கத்திங்க. பேனாக் கத்தி."

"எடு." போலீஸ்காரர் உள்ளங்கையை நீட்டினார்.

அப்பா கத்தியை எடுத்தார். நீட்டிய கையைப் பார்த்தார். பிறகு குனிந்து அவருடைய பூட்ஸுக்கு முன்னால் தரையில் வைத்தார்.

"கீழ போட்டுட்டா உன்னுது இல்லன்னு ஆயிடுமா?" லத்தி அப்பாவின் மார்பில் அழுந்தியது. "கத்திய வீசிட்டுத் தப்பிக்கப் பாக்கறியா?"

வேன் பக்கத்திலிருந்து மலைக்காரரின் மனைவிதான் பேசினாள். "கத்திய கைல குடுக்கக் கூடாதுன்னு கீழ வெச்சாருங்க சாமி. உங்களுக்கும் அவருக்கும் சண்ட வந்துடும் இல்ல?"

"இப்ப மட்டும் கொஞ்சிக்கினா இருக்கறோம்?"

குனிந்து கத்தியை எடுத்தவர் முகர்ந்து பார்த்தார். புருவம் சுருங்கியது. "இன்னாய்யா வெங்காய வாசன?"

"ஆளுக்கு அர வெங்காயங்க," என்றார் அப்பா.

அவருக்கு விளங்கவில்லை. கத்தியை மறுபடியும் தரையில் போட்டார். "தொறந்து காட்டு. எவ்ளோ வேகமாத் தொறக்கறன்னு பாக்கறேன்."

அப்பா எடுத்தார். கடித்துத் தேய்ந்த கட்டைவிரலைப் பள்ளத்தில் வைத்து இழுத்தார். வழுக்கியது. சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் இழுத்தார். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாய் கேட்டது என் காதில் ஒலித்தது: நகம் எங்க சாரு? என்னால் தாங்க முடியவில்லை. வரிசையை விட்டு ஓடிப்போய்க் கையை நீட்டினேன்.

"நான் தொறக்கறேன்பா. சார், நான்தான் எப்பவும்..."

அறை விழுந்தது. போலீஸ்காரருடையது இல்லை, அப்பாவுடையது. அதற்கு முன் அவர் என்னை அடித்ததே இல்லை. காதுக்குள் ஒரு வண்டு சுற்றியது. அம்மா என்னை இழுத்து வயிற்றோடு அழுத்திக்கொண்டாள்.

"புள்ளய ஏன்யா அடிக்கற? தொறக்க வராதது உனக்கு," என்று போலீஸ்காரர் சிரித்தார். கத்தியை வாங்கித் தன் நகத்தால் திறந்தார். அலகைத் தன் விரலோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். "இத்தக் காட்டினா பென்சில் கூடப் பயப்படாது. இத்தயும் தொறக்கத் தெரியல, இதுல சட்டப் பையில வேற. போ, போய் ஏறு." மூடி, தரையில் எறிந்தார்.

அப்பா குனிந்து எடுத்துக்கொண்டார்.

"சாமி," என்றாள் வேன் பக்கத்தில் நின்றவள். "நீங்க படிச்சவங்க. ஒரு வார்த்த சொல்லுங்க. எங்கூட்டுக்காரு ராத்திரி பூரா பஸ்ஸுலதான இருந்தாரு? நீங்க பாத்தீங்க இல்ல?"

அப்பா வேனைப் பார்த்தார். கத்தியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அம்மாதான் சொன்னாள்: "ஆமாங்க, எங்ககூடதாங்க இருந்தாரு."

"அப்ப நீயும் வந்து ஏறு வேனுல."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். எங்கள் கத்தி ஆபீஸுக்கு ஏற்றது. மலைக்காரருடைய கத்தி காட்டுக்கு ஏற்றது. வித்தியாசம் அவ்வளவுதான். வேன் வயல் வழியாகத் திரும்பிப் போனது. அவள் கோழியோடு அதன் பின்னால் நடந்தாள். மரத்தை நகர்த்திப் பஸ் கிளம்பியபோது பார்த்தோம், அவளுடைய சாமைப் பை முன் இருக்கைக்குக் கீழே அப்படியே இருந்தது.

அதை அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்து அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள். யாரும் அதை அவிழ்க்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அப்பாவின் கண் அதில்தான் போய் நிற்கும். சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவார்.

நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன். உதவப் போனவனை ஊர் பார்க்க அடித்தவர் என்பதுதான் எனக்கு நினைவில் நின்றது. வழக்கம்போல அவர் கத்தியைத் தரையில் வைத்தார். நான் எடுக்கவில்லை. சற்று நேரம் பார்த்துவிட்டு அவரே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இனிமேல் எப்படிப் பென்சில் சீவுகிறார் என்று பார்க்கலாம், என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அலுவலகத்தில் அவர் கயிற்றை அறுக்க முடியாமல் அதிகாரியின் முன்னால் விழிப்பதாகக் கற்பனை செய்துகொள்வேன். அதில் ஒரு சந்தோஷம்.

மழைக்காலம் முடியும்போது வேலை நிரந்தரம் ஆனது. அம்மா பாயசம் வைத்தாள். அதே வாரத்தில் கரியாலூர்க் கிளையிலிருந்து வந்தவர், மலைக்காரரை விட்டுவிட்டார்கள் என்று சொன்னார். ஆள் இளைத்துத் திரும்பியிருக்கிறார். கொடுவாள் திரும்பி வரவில்லை. அது இல்லாமல் காட்டில் ஒரு வேலையும் ஓடாமல், கேட்டவரிடமெல்லாம் இரவல் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

அப்பா அன்று மாலை கடைவீதிக்குப் போய்த் திரும்பும்போது கையில் ஒரு புதுக் கொடுவாள் இருந்தது. "இதுவும் ஆபீஸுக்கா சாரு?" என்று பாய் கேட்டாராம். அம்மாவிடம் சொல்லும்போது அப்பா சிரிக்கப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. முற்றத்தில் உட்கார்ந்து கொடுவாளைப் பழைய தாள்களில் சுற்றிக்கொண்டிருந்தார். அலுவலகத் தாள்களுக்குப் போடுகிற அதே கட்டு: சணல் கயிறு குறுக்கே நான்கு சுற்று, நெடுக்கே இரண்டு. நான் எதிரில் வீட்டுப்பாடம் எழுதுவதுபோல உட்கார்ந்திருந்தேன். கயிற்றை எப்படி அறுக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். கேட்கட்டும், திறக்க மாட்டேன்.

அவர் இடது கையால் முடிச்சை அழுத்திக்கொண்டார். கண் முடிச்சில் இருந்தது. வலது கை சட்டைப் பைக்குப் போய்க் கத்தியோடு வந்தது. பிடியை முழங்கால்களுக்கு நடுவில் செருகிக்கொண்டு, வெளியே துருத்தியிருந்த அலகின் முதுகை இரண்டு விரல்களின் சதையால் கிள்ளி இழுத்தார். நகம் அந்தப் பள்ளத்தின் பக்கமே போகவில்லை. அலகு வந்துவிட்டது. கயிறு அறுந்தது.

தினமும் செய்து பழகிய கை. நான் வகுப்பில் உட்கார்ந்து பரிதாபப்பட்ட நாட்களிலும் சரி, கறுவிக்கொண்ட நாட்களிலும் சரி, அவர் அலுவலகத்தில் இப்படித்தான் திறந்திருக்கிறார். வீட்டில் மட்டும் தரையில் வைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்திருக்கிறார். அந்தச் சாலையில் மட்டும், லத்திக்கு முன்னால், இல்லாத நகத்தால் இழுத்து இழுத்துத் தோற்றிருக்கிறார். நான் ஓடிவந்து, இந்தக் கத்தி எங்கள் வீட்டில் தினமும் திறக்கிற கத்தி என்று சொல்லத் தொடங்கினேன். முடிப்பதற்குள் அந்த அறை விழுந்தது.

அப்பா தலையைத் தூக்கினார். என் முகத்தைப் பார்த்தார், தன் கையிலிருந்த கத்தியைப் பார்த்தார். காது மடல் சிவந்தது. கத்தியை மெதுவாக மூடி, எங்கள் இருவருக்கும் நடுவில் தரையில் வைத்தார்.

"நீயே வெச்சிக்க," என்றார்.

எழுந்தார். சாமைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டார். பட்டன் கத்தியைக் கண்டு என்னைப் பின்னால் இழுத்த மனிதர், கொடுவாள் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கரியாலூர் பஸ்ஸுக்கு நடந்தார். சாலையில் அப்போதும் சோதனை இருந்தது.

அந்தக் கத்தி இப்போது என்னிடம் இல்லை. எத்தனையோ வருடம் கழித்து, ஒரு கட்டடத்தின் வாசல் சோதனையில் தட்டில் போட்டுவிட்டு உள்ளே போனேன். திரும்பி வந்தபோது தட்டே இல்லை. அப்பாவிடம் அதைக் கைக்குக் கை வாங்காததால் அவருக்கும் எனக்கும் அதன்பின் சண்டை வரவில்லை. அந்த அறையைப் பற்றிய பேச்சும் அவர் இருந்தவரை வரவில்லை.

அன்றைக்கு அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தரையிலிருந்து கத்தியை எடுத்து முழங்கால்களுக்கு நடுவில் செருகிக்கொண்டேன். நகத்தை மடக்கிக்கொண்டு, இரண்டு விரல் சதையால் கிள்ளி இழுத்தேன்.

வந்தது.